பதினோராவது போத்தல்

ஏழுமலை இசை தெரிந்தவர் என்று சொல்ல முடியாது. இலங்கையில் யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தின் ஆலையில், அவர்கள் பேச்சில் ஸ்டோரில், ரோலர் ஓட்டினார். உறைந்த பாலை இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டு, மறுபக்கம் வரும் வெள்ளைத் தகட்டை இழுத்து மடிப்பது அவருடைய வேலை. நாள் முழுவதும் காதருகே இரும்பு உறுமும். அவர் ஆங்கிலம் படித்ததில்லை. ஆனாலும் 1993 முதல் ஏழு வருடம், எழுபதுகளில் இங்கிலாந்தில் புகழ்பெற்ற இரண்டு ராக் பேண்டுகளில் எது பெரிது என்று ஒரு துணிக்கடைக்காரரோடு விடாமல் வாதாடினார். அந்த வாதத்தில் அவர் சொன்னதில் பாதி தவறு. மற்றப் பாதியைத் தவறு என்று சொல்ல எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

தொடங்கியது ஒரு பழுதான பெட்டியிலிருந்து. தோட்டத்தின் உதவி மேலாளரான சின்னத்துரை மாற்றலாகிப் போனபோது, சாமான் ஏற்ற உதவிய ஏழுமலைக்கு ஒரு ரேடியோ கெசட் பெட்டியையும் பிஸ்கட் டின் ஒன்றில் ஏழு கெசட்டுகளையும் கொடுத்துவிட்டுப் போனார். ரேடியோ பாடும், கெசட் ஓடாது என்றும் சொன்னார். ஸ்டோரை ஒட்டிய லயம், தொழிலாளர் குடியிருப்பு வரிசை, என்பதால் ஏழுமலையின் ஒற்றை அறைக் காம்பராவுக்கு அப்போதே மின்சாரம் இருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தார். மோட்டாரிலிருந்து சக்கரத்துக்குப் போகும் மெல்லிய பெல்ட் தார் போல உருகிக் கிடந்தது. கடைவீதியில் ரேடியோ திருத்துகிறவர், அந்த அளவு பெல்ட் கொழும்பில்தான் கிடைக்கும் என்றார்.

ரப்பர் தோட்டத்தில் இருந்துகொண்டு ஒரு ரப்பர் வளையத்துக்குக் கொழும்பு போவதா என்று ஏழுமலைக்குத் தோன்றியது. அவருடைய மனைவி மல்லிகா வாராவாரம் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோகும் மருந்துப் போத்தல் ஒன்று இருந்தது. வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, அதன் பக்கத்தில் கடதாசியைப் பல்பல்லாக வெட்டி ஒட்டியிருப்பார்கள். அந்தப் போத்தலைப் புதிய ரப்பர் பாலில் தோய்த்து வெயிலில் காயவைத்தார். காய்ந்த பின் மறுபடி தோய்த்தார். நாலு தடவைக்குப் பிறகு, கடதாசியின் மூன்றாவது பல்லுக்கு நேரே பிளேடால் ஒரு நூல் அகலத்துக்குச் சுற்றி வெட்டி, வளையத்தை உருட்டி எடுத்தார். பெட்டியில் மாட்டியதும் கெசட் ஓடியது. அன்று லயமே வந்து பார்த்துவிட்டுப் போனது.

வளையம் வழுக்கியது. கந்தகம் சேர்த்து வேகவைக்காத ரப்பர், இழுத்த இடத்தில் சோர்ந்து நின்றுவிடும். பாலை உறைய வைத்துத் தகடாக்கி அனுப்புவதோடு தோட்டத்தின் வேலை முடிந்துவிடுவதால், அங்கே யாருக்கும் அந்த அறிவு தேவைப்படவில்லை. பாட்டு வேகம் குறைந்து, சுதி இறங்கி, கனத்து ஓடியது. ஏழுமலைக்கு அது தெரிய வழியில்லை. அந்தப் பாட்டுகளை அவர் அதற்கு முன் கேட்டதில்லை. தமிழ்ப் பாட்டுகளை அவர் ரேடியோவில் கேட்டார், ரேடியோவுக்குப் பெல்ட் கிடையாது. வருடத்துக்கு ஒரு தடவை வளையம் பிசுபிசுத்துப் போகும். அதே போத்தலில் அதே பல்லில் இன்னொன்று செய்துகொள்வார்.

கெசட்டில் எழுதியிருந்ததை வாசித்துச் சொன்னவர் முக்தார். யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் அவருடைய தகப்பனார் அப்துல் ரஸாக்குக்குத் துணிக்கடை. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போன ஏழுமலையின் சட்டைப் பையில் கெசட் ஒன்றைப் பார்த்து முக்தார் கையை நீட்டினார். ஒரு பக்கம் லெட் செப்பலின், மறுபக்கம் டீப் பேர்ப்பிள். இளம் வயதில் நாலு வருடம் கொழும்பில் மாமாவின் கடையில் நின்றபோது இதே பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர் அவர். ஊரில் இதைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காமல் இருந்தார். அன்று துணி அளக்கும் கோலைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினார்.

பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சந்தைக்கு வருகிற ஏழுமலை கடையில் வந்து நிற்பார். கடையில் பாட்டுப் போட முடியாது. அப்துல் ரஸாக் ஐந்து வேளையும் தொழுகிறவர், பாட்டுக் கேட்கிற இடத்தில் வியாபாரம் செய்யமாட்டார். முக்தார் தன் வீட்டு மேல்மாடியில் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக் கேட்பார். ஏழுமலை லயத்தில் கேட்பார். ஏழு வருடத்தில் இருவரும் சேர்ந்து ஒரு பாட்டுக்கூடக் கேட்டதில்லை. வாதம் மட்டும் ஓயவில்லை.

முக்தார் லெட் செப்பலின் கட்சி. அந்தப் பாடகரின் குரல் உச்சிக்குப் போய் நிற்கிற இடத்தை அவர் கையை உயர்த்திக் காட்டுவார்.

"மேல எங்க நானா போறான்?" என்பார் ஏழுமலை, முக்தாரை அண்ணன் முறையில் நானா என்று அழைத்து. "வயசான மனுசன் மாதிரி அடித்தொண்டையில அழுவுறான். ஒழுங்கா கேட்டீங்களா?"

"நான் ஒழுங்கா கேக்கல்லயா? ஒங்கட காதுக்குள்ள ரோலர் ஓடுது ஏழுமலை."

ஏழுமலை டீப் பேர்ப்பிள் கட்சி. அவர்களை நிதானமானவர்கள், பாரம் சுமக்கிறவர்கள் மாதிரி அளந்து கால் வைக்கிறவர்கள் என்று அவர் சொன்னபோது முக்தார் கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். முக்தாருக்கோ அவர்கள் அவிசாவளைக்கு ஓடும் பிரைவட் பஸ். முன்னால் போகிற பஸ்ஸை முந்துவதைத் தவிர வேறு நோக்கம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சு வேறு பக்கம் திரும்பியது. தாளம் அடித்தவர் இறந்ததும் லெட் செப்பலின் பேண்டையே நிறுத்திவிட்டார்கள், டீப் பேர்ப்பிள் ஆளை மாற்றி மாற்றி ஓட்டினார்கள் என்று முக்தார் சொன்னார். ஒருவர் மௌத்தானால் கடையைச் சாத்துவதுதான் மரியாதை என்பது அவர் கட்சி. ஸ்டோரில் பெரியசாமி செத்த மறுநாளே அவர் நின்ற ரோலரில் வேறு ஆள் நின்றதை ஏழுமலை நினைவுபடுத்தினார். உறைந்த பால் யாருக்காகவும் காத்திருக்காது. ஓட்டுவதும் மரியாதைதான் என்றார். அன்று இருவருக்கும் அது வெறும் வாதம்.

உள்ளேயிருந்து அப்துல் ரஸாக் எட்டிப் பார்த்தார். "அந்தப் பாட்டுக்காரன் என்ன செல்லுறாண்டு ரெண்டு பேருக்கும் வெளங்காது," என்றார் மகனிடம். "அதனாலதான் இவ்வளவு நிச்சயமாப் பேசுறீங்க."

அந்தக் கிழவர் சொன்னதை விடச் சரியான விமர்சனம் அந்த ஏழு வருடத்தில் யாரும் சொல்லவில்லை.

மல்லிகாவுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று இருதயத்தைக் கெடுத்திருந்தது. முதலில் மலை ஏறினால் மூச்சு வாங்கியது. தொண்ணூற்றாறில் பால் வெட்டப் போவதை நிறுத்தினாள். பிறகு படுத்தாலும் மூச்சு வாங்கியது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள். பக்கத்து லயத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அவள் தங்கை இருளாயி, பின்னேரம் மலை வேலையிலிருந்து வந்ததும் அக்காவின் பின்னால் உட்கார்ந்து முதுகைத் தடவிவிடுவாள்.

இரண்டாவது கெசட்டில் டீப் பேர்ப்பிளின் நாலாவது பாட்டு ஆர்கனோடு தொடங்கும். தாளம் பின்னால் வந்து சேரும். ஒரு பின்னேரம் அது ஓடிக்கொண்டிருந்தபோது மல்லிகாவின் மூச்சு ஒழுங்காவதை ஏழுமலை கவனித்தார். நாலு அடிக்கு உள்ளே, நாலு அடிக்கு வெளியே. பாட்டு முடிந்ததும் மூச்சு மறுபடி குலைந்தது. அவர் கெசட்டைப் பின்னோக்கி ஓட்டி அதே பாட்டை மறுபடி போட்டார். அன்றிலிருந்து மூன்று வருடம் அந்த வீட்டில் நாலரை மணிக்கு அந்தப் பாட்டு ஓடியது.

இருளாயிக்கு அது பிடிக்காது. "ஒப்பாரி வைக்க இன்னும் நாளு இருக்கு மச்சான். இப்பவே என்னத்துக்கு இங்கிலீசுக்காரன கூப்பிட்டு வச்சிருக்கீங்க?" என்றாள். மல்லிகாவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பில் இருமல் வந்தது. திட்டிக்கொண்டே தங்கை முதுகைத் தடவினாள். தாளத்துக்கு ஏற்றபடி அவள் கை மேலும் கீழும் போனதை அவள் அறிந்திருக்கமாட்டாள்.

மல்லிகா அந்தப் பாட்டைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "அடிக்கிறவருக்கு அவசரம் இல்ல," என்றாள். "நம்மளயும் நின்னு கூட்டிட்டுப் போறாரு."

ஏழுமலை அதைக் கடையில் தன்னுடைய கருத்தாகச் சொன்னார். முக்தார், அவசரம் இல்லாத ஆளா, கொழும்பு ரயில் தோற்றுப் போகும் என்றார். யாருடைய வார்த்தையைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. ஏழுமலையும் சொல்லவில்லை.

தொண்ணூற்றொன்பது ஐப்பசி மழையில் மல்லிகா இறந்தாள். முக்தாரும் அப்துல் ரஸாக்கும் குடை பிடித்துக்கொண்டு வந்து லயத்து வாசலில் நின்றார்கள். தப்பு அடித்து எடுத்துப் போனார்கள். கருமாதி முடிந்த மறுநாள் இருளாயி வீட்டைக் கழுவினாள். நோயில் கிடந்தவர் பாவித்தது எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது என்பது வழக்கம். பாய், தலையணை, கிண்ணம், மருந்துப் போத்தல் எல்லாவற்றையும் பழைய சேலையில் கட்டி ஆற்றில் போட்டாள். மூட்டையை ஆறு வரை தூக்கிப் போனவர் ஏழுமலைதான். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. ஆறு பெருகி ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது பெட்டியில் இருந்த வளையம் புதிது. அவர் ஒவ்வொரு நாளும் நாலரை மணிக்குப் பாட்டைப் போட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார். இன்னொரு கல்யாணம் செய்துகொள் என்று தொழிற்சங்கத் தலைவர் முதல் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வரை சொன்னார்கள். ஏழுமலை மறுப்பாகத் தலையை அசைத்துவிட்டு ஸ்டோருக்குப் போனார். முக்தார் அதைக் கேள்விப்பட்டார். பேண்டில் ஆளை மாற்றுவது பற்றிய பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

இரண்டாயிரமாம் ஆண்டு ஆவணியில் வளையம் அறுந்தது. அப்போதுதான் ஏழுமலை போத்தலைத் தேடினார். அடுப்பங்கரை, கூரை இடுக்கு, கோழிக்கூடு எல்லாம் பார்த்துவிட்டு இருளாயியிடம் கேட்டார். அவள் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. செய்தது வழக்கம்தானே. இந்தக் கதையைக் கடையில் சொன்னபோது முக்தார் போத்தலைப் பற்றி யோசிக்கவில்லை. கொழும்புக்குத் துணி எடுக்கப் போகும்போது அசல் பெல்ட்டே வாங்கி வருகிறேன் என்றார்.

வாங்கியும் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் த்ரீவீலர் பிடித்து மேலே வந்தார். அந்த வீட்டுக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான். பெல்ட்டைத் தன் கையாலேயே மாட்டி, இரண்டாவது கெசட்டைப் போட்டு, நாலாவது பாட்டு வரும்வரை ஓட்டினார். ஏழு வருடத்துக்குப் பிறகு சேர்ந்து கேட்கப் போகிறோம் என்று அவருக்கு உற்சாகம்.

ஆர்கன் கூவிக்கொண்டு வந்தது. தாளம் அதன் மேல் பாய்ந்தது. பாடகரின் குரல் இளமையாக, மேலே, கூர்மையாக இருந்தது.

ஏழுமலை எழுந்து கெசட்டை வெளியே எடுத்தார். அதன் முதுகைப் பார்த்தார். மறுபடி உள்ளே வைத்தார். அதே குரல் வந்தது. குடத்தோடு வாசலைக் கடந்த இருளாயி எட்டிப் பார்த்து, புதுப் பாட்டா மச்சான் என்று கேட்டுவிட்டுப் போனாள்.

"இது இல்ல நானா," என்றார் ஏழுமலை.

"இதுதான். இதே பாட்டுத்தான். என்ன செல்லுறீங்க நீங்க?"

ஏழுமலை பிஸ்கட் டின்னைத் திறந்து அறுந்த வளையத்தை எடுத்துக் கொடுத்தார். முக்தார் அதை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். அது இழுத்த இடத்திலேயே நின்றது. புதிய பெல்ட்டைப் பார்த்தார். மறுபடி வளையத்தைப் பார்த்தார். வயசான மனுசன் மாதிரி அழுகிற குரல், அளந்து வைக்கிற கால், அவசரம் இல்லாத தாளம் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று அவருக்கு விளங்கியது. ஏழு வருட வழக்கில் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்திருந்தது. அதைச் சொல்லத் தொடங்கி, ஏழுமலையின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"நீங்க பிழையான வேகத்துல கேட்டிருக்கிறீங்க," என்றார் மெதுவாக. "அவங்க வாசிச்சது இதுதான்."

"அவங்க வாசிச்சது இதுன்னா சரிங்க. நான் தோத்துட்டேன், அத விடுங்க." ஏழுமலை சுவரைப் பார்த்தார். "அவ கேட்டது எங்க நானா?"

மூன்று வருடம் அந்தச் சுவரோரம் என்ன நடந்தது என்று அதன் பிறகுதான் முக்தாருக்குச் சொன்னார். மூச்சைப் பற்றிச் சொன்னார். அவசரம் இல்ல என்று சொன்னது யார் என்றும் சொன்னார். பாட்டு என்பது வாசித்தவர்களிடம் இருக்கிறதா, கேட்டவளிடம் இருக்கிறதா என்று கேட்டால் எந்தப் பக்கமும் பேசலாம். அன்று அந்தக் காம்பராவில் அது கேள்வியாகவே இல்லை. ஒரு பாட்டு இருந்தது, இப்போது இல்லை. முக்தார் தேத்தண்ணீரைக் குடிக்காமலே இறங்கிப் போனார்.

அடுத்த ஞாயிறு அவர் பையில் மூன்று வெற்றுப் போத்தல்களோடு வந்தார். வளையத்தின் அளவு போத்தலின் பருமனில்தான் இருக்கிறது, ஒத்த போத்தல் கிடைத்தால் ஒத்த வேகமும் கிடைக்கும் என்றார். கடைவீதியில் இருமல் மருந்து, வினாகிரி, பன்னீர் என்று யார் எதைக் காலி செய்தாலும் கேட்டு வாங்கினார். துணியில் விலை குத்துகிற சீட்டில் எண் எழுதிப் போத்தல் கழுத்தில் கட்டினார். ஏழுமலை ஸ்டோரிலிருந்து சிரட்டையில் பால் கொண்டுவந்து தோய்த்தார். ஒவ்வொரு ஞாயிறும் காய்ந்த வளையங்களை மாட்டிப் பார்த்தார்கள்.

முதலாவதில் பாட்டு மாடு போல முக்கியது. இரண்டாவதில் தலைதெறிக்க ஓடிற்று. நாலாவது ஒரு அடி சரியாகவும் அடுத்த அடி தவறாகவும் போனது. ஏழுமலை மல்லிகா சாய்ந்த இடத்தில் சாய்ந்து, கண்ணை மூடி, நாலு அடிக்கு மூச்சை இழுத்து நாலு அடிக்கு விட்டுப் பார்ப்பார். அவரிடம் வேறு அளவுகோல் இல்லை. முக்தார் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சரியான வேகம் எது என்று கொழும்பிலிருந்தே அறிந்து வந்தவர் இந்த இடத்தில் எதற்கும் உதவவில்லை.

எட்டாவது நன்றாக இருப்பது போலிருந்தது. மறுபடி போட்டார்கள். ஏழுமலை அதையும் கழற்றினார். ஒன்பது, பத்து இரண்டும் அப்படியே போயின. பத்தாவது வளையத்தைக் கழற்றி அவர் பிஸ்கட் டின்னில் போட்டார்.

"போதும் நானா," என்றார். "தேடத் தேட அழியுது. இப்ப எது அதுன்னே எனக்குத் தெரியல. பழசு கொஞ்சம் மனசுல இருந்துச்சு. இதுகளக் கேட்டு அதுவும் போயிரும் போல இருக்கு."

முக்தார் ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கே பதினோராவது போத்தல் காய்ந்து நின்றது. அப்துல் ரஸாக்கின் தேன் போத்தல் அது. எதற்கு என்று சொல்லாமல் மகன் கேட்டு வாங்கி வந்திருந்தார். செய்த வளையத்தை வீணாக்க வேண்டாம், இதை மட்டும் மாட்டிவிட்டு நிறுத்திவிடுவோம் என்றார். ஏழுமலை மறுக்கவில்லை. வளையத்தை மாட்டிப் பொத்தானை அழுத்திவிட்டு, வாசல் பக்கம் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை அவர் சுவரோரம் உட்காரவும் இல்லை, மூச்சை அளக்கவும் இல்லை.

மழைத்தூறல் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் அந்த நேரத்தில் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போகிற இருளாயி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கோப்பைகளோடு வந்தாள். பத்து வளையங்களும் ஓடியபோது அவள் ஒரு தடவையும் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது வாசற்படியில் நின்றாள்.

"அந்த ஒப்பாரிய எங்கருந்து மச்சான் திரும்பப் புடிச்சீங்க?" என்றாள்.

ஏழுமலை திரும்பினார். அவள் கோப்பைகளைத் தரையில் வைத்தாள். மல்லிகாவின் பின்னால் எப்போதும் உட்காருகிற இடத்தில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய வலது கை மடியிலிருந்து எழுந்து, முன்னால் யாரும் இல்லாத இடத்தில், மேலும் கீழும் மெதுவாகப் போகத் தொடங்கியது. நாலு அடிக்கு மேலே, நாலு அடிக்குக் கீழே. அவள் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கையைப் பார்க்கவில்லை.

ஏழுமலை அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். முக்தார் தலையைக் குனிந்துகொண்டார்.

பாட்டு முடிந்தது. கெசட் வெறுமையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இருளாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேத்தண்ணீர் ஆறிப் போச்சு என்று கோப்பைகளைத் திருப்பி எடுத்தாள்.

"இன்னொரு தடவ போடுங்க ஏழுமலை," என்றார் முக்தார். "நான் இந்தப் பாட்ட இன்னும் கேக்கல்ல."

இரண்டாவது தடவை முக்தார் சுவரில் சாய்ந்து கேட்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. இறங்கிப் போகும்போது, அவனுக்கு அவசரம் இல்லைதான் என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

மாட்டிய வளையம் மல்லிகா கேட்ட வேகத்தில்தான் ஓடியது என்று நிரூபிக்க வழியில்லை. ஒரு பெண்ணின் கை சாட்சி சொன்னது, அவ்வளவுதான். ஏழுமலைக்கு அது போதுமாக இருந்தது. இன்று, 2009இல், அவர் ரோலரை விட்டு ஸ்டோர் வாசலில் காவல் நிற்கிறார். காது பாதி போய்விட்டது. முக்தார் கல்லாவில் தகப்பனாரின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார், கடையில் இன்றும் பாட்டுப் போடுவதில்லை. லெட் செப்பலின்தான் பெரிது என்கிற கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவும் இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை ஏழுமலை புது வளையம் செய்கிறார். கழுத்தில் பதினொன்று என்று எழுதிய சீட்டோடு தேன் போத்தல் ஜன்னலில் நிற்கிறது. யாரும் அதை எடுத்துக் கழுவாமல் பார்த்துக்கொள்பவள் இருளாயி.